இரண்டாவது பெட்டி

முதல் பெட்டி கைதவறி விழுந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டாவது பெட்டியையும் அன்டன் தூக்கினார். கராஜ் வாசலில், பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நெஞ்சளவு உயர்த்திக் கையை விட்டார்.

பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநான்கு போத்தல் பியர். நுரைத்துக்கொண்டு சீமெந்துச் சரிவில் ஓடியது. உடையாமல் உருண்டவை இரண்டு. அவற்றையும் எடுத்து மூடியைத் திறந்து நிலத்தில் ஊற்றினார்.

"டேய் அன்டன்! உனக்கென்ன விசரே?" யோகேந்திரன் ஓடி வந்தார்.

"கை வழுக்கிப் போச்சு."

"ரெண்டு தரமுமோ? மூடியும் வழுக்கித்தான் திறந்ததோ?"

அன்டன் காலியான இரண்டு போத்தலையும் சுவரோரம் வைத்தார்.

ரொக்ஸ்பரோவில் யோகேந்திரன் வீட்டில், ஜூன் கடைசியில் வரும் ஒவ்வொரு சென்-ஜோன் விடுமுறைக்கும் நண்பர்கள் கூடுவார்கள். ஒன்பது வருடமாக அங்கே குடிப்பது அன்டன் தன் வீட்டில் காய்ச்சும் பியர்தான். மே கடைசியில் ஸ்புறூஸ் என்ற ஊசியிலை மரத்தின் நுனிகளில் இளம்பச்சைக் குருத்து வரும். அதைப் பிடுங்கிப் போட்டுக் காய்ச்சுவார். தேசிக்காய் மணம் வரும்.

இந்த வருடம் யோகேந்திரனுக்கும் ஆசை வந்தது. செய்முறையை அன்டனிடமே போனில் கேட்டு எழுதிக்கொண்டார். காய்ச்சி, புளிக்கவைத்து, போத்தலில் அடைத்து, எல்லாமாக நாலு கிழமை பொறுத்திருந்தார். ஒரு மிடறும் ருசி பார்க்கவில்லை. முதல் போத்தலை எல்லோர் முன்னும்தான் திறப்பேன் என்று சொல்லியிருந்தார்.

"வந்தவுடனே 'எத்தினை போத்தல்' எண்டு கேட்டவன்," என்றார் கூட்டத்தில் நின்ற மரியதாசன். "'வேறை எங்கையும் வைச்சிருக்கிறியோ, குடிச்சுப் பாத்தனியோ, குருத்து ஆர் பிடுங்கினது' எண்டும் கேட்டவன். அப்பவே எனக்கு விளங்கிச்சு."

"என்ன விளங்கிச்சு?"

"இனி ஆரும் தன்ரை பியரைத் தேட மாட்டினம் எண்ட பயம்."

"பொறாமைதான்," என்றார் யோகேந்திரனின் மனைவி இந்திராதேவி. "போத்தல் கழுத்திலை வடிவுக்குக் கட்டின கொப்பையும் ஒண்டு பிடுங்கி, விரலுக்கை வைச்சு உருட்டு உருட்டெண்டு உருட்டினவர். மச்சாள் வந்து நாலு மாசத்திலை ஒழுங்காச் செய்தது இந்த ஒரு வேலை. அதையும் பாழாக்கிப்போட்டார்."

மச்சாள் என்றது யோகேந்திரனின் தங்கை மனோகரியை. கணவர் இறந்தபின், பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து தமையன் வீட்டுக்கு வந்தவர். தமையனுக்கு முழங்கால் வலி என்று, குருத்துப் பிடுங்கத் தானே போனார். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கிலோ கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் முதல்தரமாக இந்திராதேவி அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

"இனி என்ரை வீட்டுப் படி மிதியாதை," என்றார் யோகேந்திரன்.

"சரி. கண்ணாடியைக் கூட்டிப்போட்டுப் போறன். ஆருக்கும் குத்திப்போடும்."

எல்லோரும் பின்வளவுக்குப் போய்விட்டார்கள். அன்டன் தும்புத்தடியால் கூட்டினார். ஆனால் கண்ணாடியைவிடக் கவனமாக அவர் பொறுக்கியது, குருத்தோடு வந்து, போத்தல் கழுத்துகளில் கட்டியிருந்த அந்தச் சின்னக் கொப்புகளை. ஒவ்வொன்றாக எண்ணிப் பைக்குள் போட்டார்.

தண்ணீர் வாளியோடு மனோகரி வந்தார்.

"இருபத்திரண்டு, இருபத்துமூண்டு…" அன்டன் சுற்றிவரத் தேடினார். "ஒண்டு குறையுது."

"அது உங்கடை சேட்டுப் பொக்கற்றுக்கை, அண்ணை. முதல் பிடுங்கினது." மனோகரியின் குரலில் கோபம் இருந்தது. "போத்தலை உடைச்சுப்போட்டுக் குப்பையை எண்ணுறியளோ?"

அன்டன் அந்தக் கொப்பை எடுத்து நீட்டினார்.

"இதிலை ஒரு இலையை விரலுக்கை வைச்சு உருட்டிப் பாருங்கோ."

உருளவில்லை. இலை தட்டையாகக் கிடந்தது.

அன்டன் நாலு எட்டு நடந்து, பக்கத்து வீட்டு எல்லையில் நின்ற ஸ்புறூஸ் மரத்தில் ஓர் இலையைக் கிள்ளி வந்து கொடுத்தார். அது பென்சில் மாதிரி உருண்டது. தேசிக்காய் மணத்தது.

"இது ஸ்புறூஸ். நீங்கள் பிடுங்கினது எங்கை?"

"ஸ்டேசனுக்குப் போற வழியிலை, ஒரு வேலியிலை. கைக்கு எட்டிச்சுது. எனக்கு இந்த ஊர் மரமெல்லாம் சவுக்கு மாதிரித்தான் தெரியுது… ஏன் அண்ணை?"

"குளிர் வர முந்தி அந்த வேலி சிவத்தப் பழம் பழுக்கும். இலை முழுக்க நஞ்சு. காய்ச்சினாலும் போகாது. குடிச்சால் நெஞ்சை நிப்பாட்டிப்போடும்."

மனோகரி திரும்பிப் பார்த்தார். பின்வளவு மேசையில், பியர் குடிப்பவர்களுக்கென்று காலையில் அவரே கழுவிக் கவிழ்த்த கிளாஸ்கள் தெரிந்தன. ஒன்பது.

வாளியைக் கீழே வைத்தார்.

"நான் போய்ச் சொல்லுறன். உங்களைப் போய்ப் பொறாமை பிடிச்சவன் எண்டு…"

"நில்லுங்கோ. பிழை என்னிலையும் இருக்கு. குருத்தைச் சொன்னன், மரத்தைக் காட்டேல்லை. அடுத்த மே மாசம் உருட்டிப் பாத்துப் பிடுங்குங்கோ, அது காணும்."

"ஆனால் இனி உங்களை வீட்டுக்கை விடமாட்டினமே!"

அன்டன் இருபத்துநாலாவது கொப்பையும் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.

"என்னைப் பொறாமைக்காரன் எண்டு ரெண்டு வருசம் சொல்லுவினம், தங்கச்சி. உங்களை நஞ்சு வைச்சவள் எண்டு சாகுமட்டும் சொல்லுவினம்."