கை நழுவிய ஊசி

சுடர்விழி பதினொன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில், இன்சுலின் ஊசியைக் கையில் பிடித்தபடி ஐந்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, ஊசி போட நல்ல நேரம் பாக்குறியா?" என்றார் பிரகதாம்பாள் சிஸ்டர், வார்டின் மறுகோடியிலிருந்து.

நோயாளிகள் சிரித்தார்கள்.

பிரகதாம்பாளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். புதுக்கோட்டையில் அந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளை அவர் பொறுப்பில்தான் விடுவார்கள். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினால்தான் பாடம் மனதில் நிற்கும் என்பது அவர் கட்சி. அவரிடம் பழகியவர்கள் எங்கே போனாலும் சோடை போவதில்லை என்று பெயரும் இருந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் இங்கிட்டு வாரீங்களா? ஒரு சந்தேகம்."

அவர் வரவில்லை. யாருக்கு எத்தனை யூனிட் என்று காலையிலேயே தன் கைப்பட எழுதிக் கொடுத்தாயிற்று, மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளைக்கு அதில் என்ன சந்தேகம் என்று அங்கிருந்தே கேட்டார்.

சுடர்விழி கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு இருந்தவரையும், தலைமாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டையும் பார்த்தாள்.

"கை நடுங்குது சிஸ்டர்," என்றாள்.

பிரகதாம்பாள் விறுவிறுவென்று வந்தார். கறம்பக்குடியில் வெயிலில் காய்ந்து இவளைப் படிக்கவைக்கிற அப்பாவில் ஆரம்பித்து, ஊசியைக் கண்டு நடுங்குகிறவளுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்பது வரைக்கும் கேட்டு முடித்தார். கேட்கச் சகிக்காமல் கட்டிலில் இருந்த ஆரோக்கியமுத்துவே, சின்னப் பிள்ளைதானே, விடுங்கம்மா என்றார்.

"குடு இங்க. எப்படிப் போடுறதுன்னு பாத்துக்க."

சுடர்விழி நீட்டினாள். ஊசி கை நழுவித் தரையில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

இந்த வாரம் வருகைப் பதிவில் கையெழுத்துக் கிடையாது, வெளியே போய் நில் என்றார் பிரகதாம்பாள். சுடர்விழி குனிந்து ஊசியை எடுத்து, அதற்குரிய டப்பாவில் போட்டு, சீட்டை மருந்துத் தட்டில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

வேறு ஊசியில் மருந்தை ஏற்றுமுன் அளவைச் சரிபார்க்க, பிரகதாம்பாள் கேஸ் ஷீட்டைப் பிரித்தார்.

ஆரோக்கியமுத்து, ஆவூர். கால் எலும்பு முறிவு. சர்க்கரை நோய் இல்லை.

இன்சுலின் போடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தது பக்கத்துப் பன்னிரண்டாம் கட்டில் குழந்தைசாமிக்கு. காலையில் தான் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தார். தெளிவாக, முத்துமுத்தாக, பதினொன்று என்று எழுதியிருந்தார்.

ஆரோக்கியமுத்து இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை. வெறும் வயிற்றில் இன்சுலின் ஏறிச் சர்க்கரை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரகதாம்பாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழந்தைசாமிக்கு ஊசியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தார். சுடர்விழி சுவரோரமாக நின்றிருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை.

"வேணும்னுதானே கீழ போட்ட?"

சுடர்விழி வார்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"தப்புன்னு தெரியுதுல்ல? வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? அத்தன பேர் முன்னாடி நான் ஒன்னைய அந்தப் பேச்சுப் பேசுறேன்."

"அத்தன பேரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்களே சிஸ்டர். நாங்க பயிற்சி முடிஞ்சு சனிக்கிழமை போயிருவோம். அவங்க நாளைக்கும் ஒங்க கையாலதானே ஊசி போட்டுக்கணும்."