இலைக்குள்ளிருந்து ஒரு பாட்டு

தேன்சிட்டை மாநிலப் பறவையாக அறிவித்துக் குளக்கரையில் படம் வைத்தார்கள். படத்தில் கருநீலமாக மின்னியது சிங்காரம்தான். ஆனால் காக்கை ஏற்பாடு செய்த பாராட்டு விழா வருவதற்குள் அவனுடைய நீல இறகுகள் உதிர்ந்து, வருடாவருடம் போல மங்கிய பழுப்பாகிவிட்டான்.

"நீ யாருப்பா?" என்று காக்கை மறித்தது.

"நான்தான் அண்ணே மாநிலப் பறவை."

"படத்தைப் பார்த்துட்டுப் பேசு. அவர் எப்படி ஜொலிக்கிறார்!"

"இது இறகு உதிர்ற காலம். தையிலே மறுபடி நீலமாயிடுவேன்."

"அப்போ தையிலே வா."

பக்கத்தில் நீலமாக நின்றிருந்த மீன்கொத்தியைக் கூப்பிட்டுக் காக்கை பொன்னாடை போர்த்தியது. சிங்காரம் மனம் ஆறாமல் மேடையை ஒட்டிய செம்பருத்திச் செடிக்குள் மனைவியிடம் போனான்.

"நான் வந்து சாட்சி சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். உன்னையும் யாருன்னு கேட்பான்."

மேடையில் காக்கை, "இப்போது நம் மாநிலப் பறவை பாடுவார்" என்றது. மீன்கொத்தி அலகைத் திறந்தது. கிர்ரென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"மாநிலப் பறவையாம்!" என்று ஒரு கொக்கு சிரித்தது.

சிங்காரத்துக்குப் பொறுக்கவில்லை. இலைக்குள் இருந்தபடியே பாட ஆரம்பித்தான். மீன்கொத்தி சட்டென்று புரிந்துகொண்டு அலகை மட்டும் அசைத்தது.

"என்ன குரல்!" என்று காக்கை உருகியது.

"போயும் போயும் அந்த மீன்கொத்தி மானத்தையா காப்பாற்றினீர்கள்?" என்றாள் மனைவி.

"மாநிலப் பறவையோட மானம் யார் மானம்?" என்றான் சிங்காரம்.

கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டது. மீன்கொத்தி செம்பருத்திச் செடியைப் பார்த்து இரண்டு சிறகையும் கும்பிடுவதுபோல் குவித்தது. சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.