எலிக்குப் பதில்

எலிகளை வதைக்கக் கூடாது என்று சட்டம் வந்தபின், கரு வளர்க்கும் திரவத்தை ஊழியர்களின் கருக்களில் சோதித்தார்கள். கைமாறாக அவர்களுக்குக் குழந்தைப்பேறு சிகிச்சை இலவசம். சோதனைக்குப் போக மிஞ்சுவது அவரவருக்கு.

சோதனைக்கூடத்து அமுதவல்லிக்கு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

"புதுத் திரவம் வந்திருக்கும்மா. உன்னோடதையே வெச்சிடு," என்றார் மேலாளர் தேவசகாயம்.

"கடைசி சார் இது. வேற யாரோடதாவது..."

"மத்தவங்களோடது எதையும் தாங்கிடுது. உன்னோடதுதான் துளி நஞ்சு பட்டாலும் செத்துடுது. திரவத்துல கோளாறு இருந்தா உடனே தெரிஞ்சிடும், நமக்கு அதுதானே வேணும்? உனக்கு அடுத்த மாசம் மறுபடி கருமுட்டை எடுத்துக்கலாம்."

வைத்தாள். இருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டாள். சில நாளில் கரு முத்துப்போல் விம்மி நின்றது. சோதனைக்கூட விதி அவளுக்கும் தெரியும், ஆனாலும் மேலாளரிடம் ஓடினாள்.

"உசுரோட இருக்கு சார்!"

"அப்போ திரவம் நல்லதுதான். வெளிய காத்திருக்கிறவங்களுக்குக் கொடுத்துடலாம். சோதனைக் கருவைக் கர்ப்பப்பையில வைக்கக் கூடாது, தெரியும்ல? கொட்டிடு."

கொட்டினாள். கை கழுவிக்கொண்டு மூலையிலிருந்த கூண்டுக்குப் போனாள். சட்டம் காப்பாற்றிய எலி அன்று காலைதான் எட்டுக் குட்டி போட்டிருந்தது. அதற்குத் தீனி வைப்பதும் அவள் வேலைதான்.