நடுத்தண்ணீர்

ஆலடிக்குளத்தை மண்ணடித்து மனையாக்கிய பிறகும், தங்கபுஷ்பம் ஞாயிறு தவறாமல் தும்பி எண்ண வந்தாள். மூன்று மாதம் யாரும் பதிவு போடாவிட்டால் தும்பிக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து குளத்தின் பெயரையே எடுத்துவிடுவார்கள். ஒன்றுமில்லை என்றாலும் பூஜ்யம் போடலாம். எட்டு வாரமாக அவள் பூஜ்யம்தான் போட்டுவந்தாள்.

"கொளமே இல்ல, என்னத்தக்கா எண்ணுதிய? மொதலாளி வந்திருக்காரு, போங்க" என்றார் காவலாளி.

மனைகளுக்கு நடுவே நின்ற முதலாளியின் புதுக் கறுப்புக் கார் வெயிலில் தண்ணீர்போலத் தளதளவென்று மின்னியது. அதன்மேல் ஒரு மஞ்சள் தும்பி தாழ்ந்து வந்து வால்நுனியால் தொட்டது. எழும்பி, மறுபடியும் தொட்டது. தொட்ட இடமெல்லாம் கசகசாவைவிடச் சிறிய முட்டைகள்.

முதலாளி கைக்குட்டையோடு துடைக்க வந்தார்.

"தொடாதிய. நான் இன்னும் எண்ணி முடிக்கல."

"இது என் காரும்மா."

"தட்டானுக்கு அப்படித் தெரியலியே."

அவர் கை அந்தரத்தில் நின்றது. அவள் கைபேசியை எடுத்து எண்ணிக்கை ஒன்று என்று போட்டாள். பார்த்த இடம் என்று கேட்ட கட்டத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ஆலடிக்குளம், நடுத்தண்ணீர்.