உறுமாத குரல்

ஒலிப்பதிவுக் கூடத்துத் திரையில் ஒரு வீடு எரிகிறது. சிவப்பு அங்கி அணிந்த பறக்கும் வீரன், கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் சிறுமியை நோக்கிக் கை நீட்டுகிறான். முதல் மூன்று படங்களிலும் அவனுக்குக் குரல் கொடுத்தவர் மைக்கின் முன் நின்று, "பயப்படாதே கண்ணு, நான் வந்துட்டேன்" என்கிறார். இது பன்னிரண்டாவது முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான்காம் படத்துக்கென்று வந்திருக்கும் புது இயக்குநர் உதட்டைப் பிதுக்குகிறார். "கரகரன்னு உறுமணும் சார். பழைய படமெல்லாம் சின்னப்புள்ளத்தனம். இனிமே இவன் சிரிக்கவே மாட்டான்." குரல்காரரின் காதுமடல் சிவக்கிறது. ஹெட்போனைக் கழற்றுகிறார். "உறுமத் தெரியாம இல்ல தம்பி. முப்பது வருஷமா எத்தனையோ வில்லனுக்கு உறுமியிருக்கேன். ஆனா இங்க உறுமினா அந்தக் குழந்தை என்கிட்ட வராது, நெருப்புக்குள்ளதான் ஓடும்!" இயக்குநரின் பக்கத்தில் இருக்கும் ஒலிப்பதிவுக்காரப் பெண், அவரிடம் கேட்காமலே, சற்றுமுன் பதிவானதை ஓட விடுகிறாள். குரல் மெல்ல அறையை நிறைக்கிறது. திரையில் சிறுமி கட்டிலுக்கடியிலிருந்து தவழ்ந்து வந்து அவன் விரலைப் பிடித்துக்கொள்கிறாள்.