சனிக்கிழமைப் பெட்டி

“அக்கா, தப்பா நினைக்க வேணாம். உங்கட மகளுக்கு இது சரிவராது.”

கழகத்தில் படிப்பிக்கும் திலக்ஷன் சேர் தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் படிக்கட்டில் காத்திருந்த தாய்மார் எல்லாருடைய காதிலும் அது விழுந்துவிட்டது. ஜீவராணிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நடக்கிறது அந்தச் சிறுவர் விஞ்ஞானக் கழகம். சனிக்கிழமை வந்தால் ஆளுக்கொரு பெட்டி கொடுப்பார்கள். பட்டரி, வயர், மோட்டர், குட்டி பல்ப் எல்லாம் உள்ளே இருக்கும். சொன்னதைச் செய்து முடித்த பிள்ளை பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். முடிக்காத பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்து, அடுத்த கிழமை கொண்டுவர வேண்டும்.

ஜீவராணியின் மகள் விஷ்ணுப்பிரியா ஒரு சனிக்கிழமைகூட முடித்ததில்லை.

“வீட்டில யாரோ செய்து குடுக்கிறீங்க என்டு விளங்குது,” என்றார் சேர். “பரவாயில்ல. ஆனா இடம் இல்லாம வேற பிள்ளைகள் காத்துக்கொண்டு இருக்காங்க. வாற சனிக்கிழமையும் முடிக்காட்டி, டான்ஸ், பாட்டு என்டு வேற எதிலயாவது சேர்த்துவிடுங்களேன்.”

அவர் உள்ளே போனதும் ஷிம்னா பக்கத்தில் வந்து குந்தினாள். அவளுடைய மகன்தான் எப்போதும் முதல் ஆளாக முடிக்கிறவன். அந்தப் பெருமையில் புத்தி சொல்லவும் அவளுக்குக் கொஞ்சம் உரிமை இருந்தது.

“எதுக்கு அக்கா, கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி அந்தப் புள்ளய இழுத்துக்கிட்டு வாறீங்க? அதுக்குப் புடிச்சதச் செய்ய விடுங்களே.”

ஜீவராணி என்னவென்று சொல்வாள்? பிடித்தது பிள்ளைக்கல்ல, தனக்கென்றா?

பள்ளிக்கூட நாளில் விஞ்ஞானம் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த அப்பா, கடைக்கு உதவுகிற படிப்புப் படி என்று கொமர்ஸில் தள்ளிவிட்டார். கடை இன்றைக்கும் இருக்கிறது. கல்லாவில் அவளும் இருக்கிறாள். ஆசை மட்டும் ஓய்ந்த பாடில்லை.

அவளும் தேடாத இடமில்லை. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் போனும் கையுமாகத் தனக்கொரு விஞ்ஞானக் கழகம் தேடியதுதான் வேலை. இரத்மலானைப் பக்கம் ஒரு கூட்டம் குட்டி விமானம் செய்து பறக்க விடுகிறது என்று கேள்விப்பட்டு ஆசையாய் விசாரித்தாள். ஒரே கல்லூரியில் படித்த ஆட்கள் மட்டுமாம். பம்பலப்பிட்டியில் ஒன்று இருந்தது. அது வேலை நாளில் கூடி, இவள் கடை பூட்டுவதற்குள் கலைந்துவிடும். கடைசியில் அகப்பட்டது இந்த வெள்ளவத்தைக் கழகம்.

“மகனுக்கா அக்கா, மகளுக்கா?” என்று போனில் கேட்டார்கள்.

எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

“மகளுக்கு,” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கிழமையில் ஒரே ஒரு நாள்தான் நாள். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் பெட்டி மேசைக்கு வந்துவிடும். கையைக் காட்டினால் சுற்றும் விசிறி, தண்ணீர் நிறைந்தால் கத்தும் அலாரம், எல்லாம் இவள் கையால் ஆனதுதான். பல்ப் பற்றும்போது இவளுக்குத் தன் வயதே மறந்துபோகும். பிள்ளை எதிரே கன்னத்தில் கை வைத்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“பெட்டியைப் பாரடி. என்ட மூஞ்சியில என்ன இருக்கு?”

“ஒன்டுமில்லம்மா,” என்று சிரிப்பாள். ஆனால் பார்வையை மட்டும் எடுக்கமாட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் ஜீவராணி மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள், “இன்டைக்கு எப்பிடியாவது முடிச்சிடு, கண்ணம்மா. இல்லாட்டி நிப்பாட்டிடுவாங்க.”

“கட்டாயம் முடிக்கணுமாம்மா?”

“ஓம், கட்டாயம்.”

பிள்ளை பெருமூச்சு விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். ஜீவராணிக்குத் தன் ஆசைக்காக இந்தக் குஞ்சை வதைக்கிறேனே என்றிருந்தது. இன்றைக்கும் முடிக்காவிட்டால் யாரும் சொல்லவேண்டாம், தானே நிறுத்திவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் உள்ளே போய்க் கனநேரம் ஆகவில்லை. கைதட்டல் கேட்டது. ஷிம்னா வழக்கம்போலத் தன் மகன்தான் என்று சீலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

திலக்ஷன் சேர் வெளியே ஓடிவந்தார். “ஜீவராணி அக்கா, வந்து பாருங்க. இருட்டினா தானா எரியிற லைட். உங்கட மகள்தான் முதல் ஆள். நான் ஒரு வயர்கூடத் தொடல்ல.”

ஷிம்னா எழும்பிய வேகத்திலேயே திரும்பக் குந்திவிட்டாள்.

ஜீவராணி கதவடியில் நின்று பார்த்தாள். சேர் கையால் வெளிச்சத்தை மறைத்ததும் மேசையில் பல்ப் எரிந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிள்ளை அவசரப்படாமல் வயர்களைக் கழற்றினாள். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, மூடி, அலுமாரியில் வைத்தாள். வெறுங்கையோடு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

படிக்கட்டில் இறங்கும்போது ஜீவராணி கேட்டாள், “இவ்வளவு கெட்டித்தனத்தை வச்சுக்கொண்டு, ஏன்டி இத்தனை நாளும் முடிக்காம இருந்த?”

விஷ்ணுப்பிரியா ஒருமுறை மேல்மாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“முடிச்சா பெட்டியைத் திருப்பிக் குடுத்திடணுமேம்மா. பிறகு ஞாயிற்றுக்கிழமை நீங்க என்ன செய்வீங்க?”