கல்யாணத்தோடு நிற்காத கதை

மம்தூஹ் தன்னைக் குடும்ப வரலாற்று ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்வார். ஆய்வு என்பது பெரியப்பா இத்ரீஸின் வாழ்க்கைக் கதையை ஒலிப்பதிவு செய்வதும், இடையிடையே திருத்துவதும்தான்.

"கழுதை வண்டின்னு சொல்லாதீங்க பெரியப்பா. குதிரைன்னு சொல்லுங்க."

"தர்பூசணி விக்கிறவனுக்குக் குதிரை எதுக்குடா?"

மம்தூஹ் அந்தக் கேள்வியையும் பதிவிலிருந்து வெட்டினார். பதிவு பெரியப்பாவின் கல்யாணத்தோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை, மம்தூஹின் மகளைப் பெண் கேட்டு, கெய்ரோவிலிருந்து நீதிபதி குடும்பம் மன்சூராவிலிருந்த அவர் வீட்டுக்கு வந்தது. இந்தச் சம்பந்தத்துக்காகத்தான் அந்தக் குதிரையே. நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் ஷர்பத்தை எடுத்துவர மனைவி நாஹிதை அனுப்பிவிட்டு, மம்தூஹ் பதிவை ஓடவிட்டார். கல்யாணம் வந்தது, போனது. குரல் நிற்கவில்லை.

"அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நீதிபதி வீட்டுக்காரங்க வந்தாங்க. மம்தூஹ் நீல டை கட்டியிருந்தான்."

மம்தூஹ் தன் டையைத் தொட்டுப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த இத்ரீஸின் வாய் மூடியே இருந்தது.

"இதை எப்பச் சொன்னீங்க பெரியப்பா?"

"நான் கல்யாணத்தோட நிறுத்திட்டேனேடா!"

"பாவம், நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான்" என்றது பதிவிலிருந்த குரல். "ஷர்பத் கரைச்சு வெச்ச வீட்ல, கடைசியில அவன் சாவுக்குத் துக்கம் கேக்க வந்தவங்களுக்கு, வழக்கப்படி சர்க்கரையில்லாத காப்பி கொடுத்தாங்க."

மம்தூஹ் கருவியை அணைத்தார். "பெரியவர் வேடிக்கைக்காரர்" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

நாஹித் தட்டோடு வந்தாள். தட்டில் காப்பி இருந்தது. நீதிபதி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். பிறகு மம்தூஹைப் பார்க்காமல், சர்க்கரையும் கேட்காமல், மீதியை மெதுவாகக் குடித்து முடித்தார்.